மாதேஸ்வரன் மலையில் ஒரு ராத்திரி… அறை யார் கையில்?

பெரிய ஆப்களில் தேடினால் 'அறை இல்லை'. மலைக்குப் போனால் அறைகள் இருக்கின்றன. தங்குவதற்கு மாற்று வழி தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவையும், ஏமாறும் இடங்களும்.

அமாவாசைக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரம். மேட்டூரில் ஏறிய கூட்டத்தைச் சுமந்துகொண்டு பேருந்து கொளத்தூரையும் கோவிந்தப்பாடியையும் கடக்கிறது. பாலாறு செக்போஸ்ட்டில் மாநிலம் மாறி, வளைவு வளைவாக முனகி ஏறி, மாதேஸ்வரன் மலையில் வந்து நிற்கிறது. "உகே… உகே… மாதப்பா!" என்று ஒரு குரல் எழ, பேருந்தே அதைத் திருப்பிச் சொல்கிறது. யார் கன்னடக்காரர், யார் தமிழ்க்காரர் என்று பிரிக்க முடியாது.

இறங்கியதும் கூட்டம் இரண்டாகிவிடுகிறது. தலையில் மூட்டையும் கையில் தூக்குவாளியுமாக வந்தவர்கள் கொஞ்சமும் தயங்குவதில்லை. நேராக மண்டபத்துப் பக்கம் நடந்து, துண்டை விரித்து, பிள்ளையைக் கிடத்திவிட்டு, காலையில் மொட்டை போட யார் முதலில் போவது என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் பேருந்து நிலைய ஓரத்தில் மொபைலை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடுகிறார்கள். ஆப்பில் 'அருகில் உள்ள விடுதிகள்' என்று வருவதைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று கொள்ளேகாலில் இருக்கிறது. இன்னொன்று ஒகேனக்கலில், அதாவது காவிரிக்கு அந்தப் பக்கம். வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் பக்கம்தான். சாலையில் போவதென்றால் வந்த வழியே மலையிறங்கி மேட்டூர், பென்னாகரம் என்று சுற்ற வேண்டும். மூன்றாவதாக வந்த 'ஃபாரஸ்ட் வியூ காட்டேஜ்' எங்கே இருக்கிறது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

"ரூம் இருக்குங்களா?" என்று கோயில் விடுதிக் கவுண்டரில் கேட்டால், "முன்னாடியே போட்டுட்டு வந்தீங்களா?" என்ற கேள்விதான் பதில்.

ஆப்பில் தேடிப் பழகிய ஒரு தலைமுறை கோயில் மலைகளிலும் காட்டோரங்களிலும் இப்படித்தான் திணறுகிறது. ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம், மேக்மைட்ரிப் தவிர வேறு நல்ல தளம் எது என்பது விடுமுறைக்கு முன் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் கேட்கப்படும் கேள்வி. பதிலாகப் பத்துப் பெயர்கள் வந்து விழும். நம் பார்வையில் அந்தக் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். எந்தத் தளம் என்பதை அப்புறம் பார்க்கலாம். நாம் போகும் ஊரில் அறை யாருடையது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

ஏன் இங்கே ஓட்டல்கள் குறைவு?

மாதேஸ்வரன் மலை இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. 1997-ல் மாவட்டம் பிரிவதற்கு முன் மைசூரு மாவட்டம். சேலம், ஈரோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் குலசாமி மலை. புலி மேல் ஏறி வரும் மாதேஸ்வரனுக்கு எழுபத்தேழு மலை என்பது பக்தர்கள் சொல்லும் கணக்கு.

அந்த மலைகள் எல்லாம் காடு. 2013-ல் 906 சதுர கிலோமீட்டர் பரப்பு மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் காவிரிச் சரணாலயம், இன்னொரு பக்கம் பிலிகிரி ரங்கனபெட்டா, தமிழ்நாட்டுப் பக்கம் சத்தியமங்கலமும் பர்கூர்க் காடுகளும். நடுவில் கோயிலைச் சுற்றி ஒரு சின்ன ஊர். தனியார் நிலம் குறைவு என்பதால் தனியார் விடுதியும் குறைவு.

இன்னொரு காரணத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸ் கொல்லப்பட்டது 1991 நவம்பர் 10-ல். பாலாற்றில் கண்ணிவெடி வெடித்தது 1993 ஏப்ரலில். 2004 அக்டோபர் 18-ல் வீரப்பன் கதை முடியும்வரை, பொழுது இறங்கினால் இந்தச் சாலையில் வண்டி ஓட்ட யாரும் விரும்பியதில்லை. மற்ற மலைகளில் ரிசார்ட்டுகள் முளைத்த காலத்தில் இங்கே அதிரடிப்படை முகாம்தான் முளைத்தது. பெரிய ஆப்கள் பட்டியல் போடுகிற அளவுக்கு விடுதித் தொழில் இங்கே வளரவே இல்லை.

கடை வேறு, முதலாளி ஒருவர்

ஆப்களை மாற்றி மாற்றித் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. புக்கிங் டாட் காமும் அகோடாவும் ஒரே குடும்பம். மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017 முதல் ஒரே நிறுவனம், ரெட்பஸ்ஸும் அதற்குள்தான். வீட்டுக்காரரே நேரடியாக வாடகைக்கு விடும் தளம் என்று 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய விர்போ, 2015 முதல் எக்ஸ்பீடியாவின் சொத்து. ஆக, நான்கு ஆப்பில் தேடி நான்கிலும் ஒரே விலை வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

விலை ஒன்றாகவே இருப்பதற்குப் பின்னால் இன்னொரு சங்கதியும் இருந்தது. எங்கள் தளத்தில் போட்டிருக்கும் விலையைவிடக் குறைத்து வேறெங்கும், உங்கள் சொந்த இணையதளத்தில்கூட, அறை விற்கக் கூடாது என்று ஓட்டல்களிடம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் பழக்கம் அது. ஓட்டல்காரர்கள் சங்கத்தின் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 19-ல் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. அந்த ஒப்பந்த வரிகளை நீக்கவும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. சட்டச் சண்டை எப்படிப் போனாலும் சுற்றுலாப் பயணிக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு எளிய பழக்கம். ஆப்பில் விடுதியைப் பார்த்துவிட்டு, விடுதிக்கே ஒரு போன் போட்டு விலை கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

> பெட்டிச் செய்தி: வரி எப்படி விழுகிறது?
>
> ஒரு நாளுக்கு ₹7,500 வரையுள்ள ஓட்டல் அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12.
>
> வருட வரவு ₹20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு ஹோம்ஸ்டேக்காரர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. அதே அறையை ஆப் வழியாக விற்றால், வரியை ஆப் நிறுவனம் வசூலித்துக் கட்டியாக வேண்டும். நேரில் ₹1,500 என்றால் ஆப்பில் ₹1,575. சேவைக் கட்டணம் தனி.
>
> கோயில் வளாகத்துக்குள் பதிவு பெற்ற அறக்கட்டளையோ சட்டப்படி அமைந்த நிர்வாகமோ தரும் அறைக்கு, நாள் வாடகை ₹1,000-க்குக் கீழே இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. அமிர்தசரஸ் பொற்கோயில் சத்திரங்களுக்கு வரி வந்துவிட்டதாகக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு, 2022 ஆகஸ்டில் மத்திய அரசே இதைத் தெளிவுபடுத்தியது.

நான்கு வாசல்கள்

மாதேஸ்வரன் மலையில் தங்க வேண்டுமென்றால் தட்டுவதற்கு நான்கு வாசல்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அகலமில்லை.

பெரிய வாசல் கோயில்தான். ஸ்ரீ மலை மாதேஸ்வர சுவாமி க்ஷேத்திர வளர்ச்சி ஆணையம் என்ற அரசு அமைப்பு கோயிலையும் அதன் விடுதிகளையும் நிர்வகிக்கிறது. ஆணையத்துக்கு அறைப் பதிவுக்கென்று சொந்த இணையதளம் உண்டு. மலையில் இருக்கும் அறைகளில் பெரும்பகுதி இவர்களுடையது. எந்தத் தனியார் ஆப்பிலும் இவை ஏறாது. ஆப்பில் 'இல்லை' என்று வந்ததற்கு அர்த்தம், அந்த ஆப்பிடம் இல்லை என்பதுதான். சாதாரண நாளில் நேரில் போய்க்கூட அறை வாங்கிவிடலாம். அமாவாசை, சிவராத்திரி, உகாதி, தீபாவளி என்றால் கதை வேறு. அந்த நாட்களில் அறை ஒதுக்கும் முறை மாறக்கூடும், எனவே ஆணைய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

ஒரு தமிழ் வாசகர் இங்கே தடுமாறுவார். நம் ஊரில் பழனி, திருச்செந்தூர் அறைகளை இந்து சமய அறநிலையத்துறைத் தளத்தில் தேடிப் பழகியிருப்போம். கர்நாடகத்தில் அந்த வேலையைச் செய்வது 'முஜராய்' என்று மக்கள் சொல்லும் துறை. மாதேஸ்வரன் மலைக்கோ தனி ஆணையம். திருப்பதிக்குத் தேவஸ்தானம். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு தளம், ஒரு விதி, ஒரு ரத்து முறை. முன்பதிவை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும், ஒற்றை ஆளுக்கு அறை உண்டா, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய வரிகள். கோயில் விடுதிகளில் தனி ஆளுக்கு அறை தரத் தயங்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வாசல் அரசு சுற்றுலா நிறுவனங்கள். கர்நாடகத்தின் 'மயூரா' விடுதிகள், நம் 'ஓட்டல் தமிழ்நாடு' எல்லாமே சொந்தத் தளத்தில் பதிவு எடுக்கின்றன. ஒகேனக்கலில் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. அருவியையும் மலையையும் சேர்த்து ஒரு பயணமாகப் போடுகிறவர்களுக்கு அது தோதுப்படும், மேட்டூர் வழியாகச் சுற்றும் தூரத்தை நினைவில் வைத்துக்கொண்டால்.

மூன்றாவது வாசல் காடு. 1980-ல் கபினிக் கரையில் தொடங்கிய ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் கர்நாடக அரசுடையது. பிலிகிரி ரங்கனபெட்டாவின் கே.குடி, காவிரிக்கரையில் பீமேஸ்வரி என்று இந்தக் காட்டுத் தொடரில் பல முகாம்கள். கோபிநத்தத்திலேயே ஒரு முகாம் அமைத்து, வீரப்பன் திரிந்த பாதைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதைத் தொழிலாக்கினார்கள். ஒரு காலத்தில் பெயரைச் சொல்லவே பயந்த ஊரில் இன்று கூடாரத்துக்கு வாடகை! விலை சத்திர விலை அல்ல, சாப்பாடும் காட்டுச் சுற்றும் சேர்ந்த கட்டணம். மலையேற்றப் பாதைகளுக்குத் தனியாக 'அரண்ய விஹாரா' என்ற தளம் இருக்கிறது. ஒரு பாதையில் ஒரு நாளுக்கு 300 பேர் என்ற உச்சவரம்பு 2024-ல் வந்தது. மாதேஸ்வரன் மலையிலிருந்து நாகமலைக்கு நடக்க நினைப்பவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறை போடுவது புத்திசாலித்தனம்.

நான்காவது வாசல் ஹோம்ஸ்டேக்களும் சிறு லாட்ஜுகளும். ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான், நல்ல மனிதர்கள் அதிகம் கிடைப்பதும் இங்கேதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிப்படி, ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகை அறைகள் ஒன்று முதல் ஆறு வரை, படுக்கைகள் பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாது. பதிவு பெற்ற விடுதிகளின் விவரம் 'நிதி' என்ற தேசியத் தரவுத்தளத்தில் சேர்கிறது. இருபது அறை கட்டி, மேலாளர் வைத்து, உரிமையாளர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு 'ஹோம்ஸ்டே' என்று போர்டு வைத்தால் அது லாட்ஜ்தான். 2025 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று அறிவித்தார்கள். போர்டுகள் இனி இன்னும் கூடும்.

போலி வாசல்

மாற்றுத் தளம் தேடுகிறவர்தான் மோசடிக்காரர் காத்திருக்கும் ஆள். பெரிய ஆப்பில் அறை கிடைக்காமல், நாள் நெருங்கி, வீட்டில் பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட நிலையில், தேடுபொறியில் ஊர் பெயரோடு 'ரூம் புக்கிங்' என்று தட்டுகிறார். முதலில் வருவது விளம்பரம். அதில் கோபுரப் படம், சாமி படம், ஒரு வாட்ஸ்அப் எண். கேட்டால் உடனே பதில் வருகிறது, அதுவும் மரியாதையான பதில். அறைப் படங்கள் நான்கு வருகின்றன. பாதிப் பணம் அட்வான்ஸ். கட்டியதும் முத்திரை போட்ட ரசீது வேறு. மலைக்குப் போய்க் கவுண்டரில் காட்டினால், அங்கே இருப்பவர் அப்படி ஒரு ரசீதைப் பார்த்ததே இல்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சோம்நாத் விடுதி, வாடகை வண்டி என்று யாத்ரீகர்களைக் குறிவைத்துப் போலித் தளங்களும் முகநூல் பக்கங்களும் தேடுபொறி விளம்பரங்களும் ஓடுவதாகச் சொன்னது. திருப்பதி தேவஸ்தானமும் தன் பெயரில் நடந்த போலித் தளங்கள் மீது அடுத்தடுத்துப் புகார் கொடுத்து வந்திருக்கிறது. தேவஸ்தானம் 2024 ஜனவரியில் தன் அதிகாரபூர்வ முகவரியை மாற்றியபோது குழம்பாத பக்தர் குறைவு. உண்மையான முகவரியே அடிக்கடி மாறினால், போலிக்கு வேலை சுலபம். கோயில் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். வாசலை மாற்றுவதென்றால் பழைய வாசலில் ஒரு ஆளையாவது நிறுத்தி வைக்க வேண்டாமா?

இன்னொரு தந்திரமும் உண்டு. 'உங்கள் புக்கிங் ரத்தாகிவிட்டது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்பார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பரை அழுத்தினால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள்கூட அவசரத்தில் இதில் விழுகிறார்கள்.

வரைபடச் செயலியில் விடுதியின் பெயருக்குக் கீழே இருக்கும் போன் நம்பரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அந்த விவரத்தைத் திருத்தும்படி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஆணையத்தின் தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

> பெட்டிச் செய்தி: பணம் கட்டுவதற்கு முன்
>
> அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி புள்ளி இன்' என்று முடியும். கோயில் ஆணையங்கள் சிலவற்றின் முகவரி அப்படி முடிவதில்லை. எனவே மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலோ துறைத் தளத்திலோ கொடுத்திருக்கும் இணைப்பு வழியாகப் போங்கள், விளம்பரம் வழியாகப் போகாதீர்கள்.
>
> பணம் போகும் கணக்கின் பெயர் திரையில் வரும். கோயிலுக்குக் கட்டும் பணம் தனி ஆள் பெயருக்குப் போனால் அங்கேயே நிறுத்துங்கள்.
>
> ஹோம்ஸ்டே என்றால் வீடியோ காலில் வாசலையும் தெருவையும் அறையையும் ஒரே மூச்சில் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தின் லொகேஷனை வாங்கி, சாலை வழியாக எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள்.
>
> அடையாள அட்டை கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே அது கிடைக்கும்.
>
> ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் ஒரு மணி நேரத்தில்தான்.

காடு கேட்கும் வாடகை

'ஊருக்கு வெளியே, யாருமில்லாத இடத்தில், காட்டை ஒட்டி ஒரு காட்டேஜ்' என்பது இன்றைய விடுமுறைக் கனவு. ஆப்பில் அந்த வடிகட்டியைத் தட்டினால் கிடைக்கிற இடங்கள் எல்லாம் சட்டப்படி நிற்கின்றனவா?

மசினகுடி ஞாபகம் இருக்கும். 2021 ஜனவரியில் ஒரு யானையின் மேல் எரியும் துணியை வீசிய காணொளி நாட்டையே உலுக்கியது. காதில் தீக்காயத்தோடு அந்த யானை முதுமலைக்குக் கொண்டுபோகும் வழியில் செத்தது. சம்பவம் நடந்தது உரிமம் இல்லாமல் நடந்த ஒரு ஹோம்ஸ்டேயில். அதற்குப் பிறகுதான் அங்கே உரிமமில்லாத விடுதிகளைத் தேடித் தேடிச் சீல் வைத்தார்கள். மசினகுடி இருக்கும் அதே சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்தில் கட்டிய 11 விடுதிகளை 48 மணி நேரத்துக்குள் பூட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டிருந்தது. 2020 அக்டோபர் 14-ல் வந்த இறுதித் தீர்ப்பும் யானை பக்கமே நின்றது. அந்த விடுதிகளில் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் ஒரு வரி கிடையாது. உரிமம் இல்லாத இடத்தில் அறை போடுகிறவருக்கு உள்ள ஆபத்தும் அதுதான்.

மாதேஸ்வரன் மலைக் காட்டில் 2025 ஜூன் 26-ல் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் ஹூக்யம் சரகத்தில் செத்துக் கிடந்தன. மாட்டின் உடலில் வைத்த விஷத்தைத் தின்றதால் வந்த சாவு. புலியை வாகனமாக்கிக் கும்பிடுகிற மலையில் இப்படி ஒன்று நடந்தது. மாடு மேய்ப்பவருக்கும் காட்டுக்கும் இடையில் அங்கே இழுபறி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது அப்போது ஊருக்கெல்லாம் தெரிந்தது. இதற்கு நடுவில்தான் நாம் 'காட்டுப் பார்வை' அறை கேட்கிறோம். இரவில் விளக்கும் பாட்டும் நெருப்பும் போட்டுக் கொண்டாடும் காட்டேஜ் எந்தத் தளத்தில் எவ்வளவு மலிவாக வந்தாலும், சரணாலய எல்லைக்குள் அது வேண்டாம் என்பது இக்கட்டுரையாளரின் பிடிவாதம்.

நாகமலைக்குப் போகும் வழியில் இண்டிகநத்தா என்று ஒரு ஊர். வாரக் கடைசியில் மலையேறுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். 2024 ஏப்ரல் 26, மக்களவைத் தேர்தல் நாளன்று அந்த ஊரில் வாக்குச்சாவடி அடித்து நொறுக்கப்பட்டது. சாலை, தண்ணீர் போன்ற அடிப்படை வசதி இல்லை என்பதால் ஓட்டுப் போடமாட்டோம் என்ற கோபம் கைகலப்பில் முடிந்தது. மூன்று நாள் கழித்து மறுவாக்குப்பதிவு. நாம் முதுகுப்பையோடு கடந்துபோகும் ஊரின் நிலைமை அது. மலைக்கு வரும் சுற்றுலாப் பணத்தில் அந்த ஊருக்கு எவ்வளவு போகிறது என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?

பணம் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தளமாகவே கட்டிப் பார்த்தவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். இத்தாலியின் போலோன்யாவில் தொடங்கிய 'ஃபேர்பிஎன்பி' ஒரு கூட்டுறவு. தான் எடுக்கும் கமிஷனில் பாதியை அந்தந்த ஊரின் பொது வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. பெரிய நகரங்களோ கம்பை எடுத்துவிட்டன. 2023 செப்டம்பர் முதல் நியூயார்க்கில் முப்பது நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. நம்மூரிலும் காற்று அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அறை கையில் இருந்தும் பாஸ் இல்லாமல் மலையேற முடியாத நிலை அப்போது பலருக்குப் புதிது.

மொபைல் இல்லாதவருக்கு எந்த வாசல்?

எல்லாம் இணையத்துக்குப் போனால் மண்டபத்தில் துண்டு விரிப்பவர்கள் என்ன ஆவார்கள்? மாதேஸ்வரன் மலைக்குக் கால்நடையாக வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கம்சாளை என்ற கைத்தாளத்தைத் தட்டி மாதப்பன் கதையைப் பாடிக்கொண்டே வருகிறவர்களிடம் இமெயில் கேட்பது வேடிக்கை. இணையத்தில் எல்லா அறைகளையும் கொடுத்துவிட்டால், அது பெங்களூர், கோவைக்காரர்களுக்கு மட்டுமான மலையாகிவிடும். கவுண்டரில் முழுவதையும் வைத்தால் இடைத்தரகர் கை ஓங்கும். பெரிய கோயில்கள் இரண்டு பக்கமும் ஒரு பங்கு என்று சமாளிக்கின்றன. எந்தப் பக்கம் எத்தனை அறை என்ற கணக்கைக் கவுண்டர் வாசலில் பலகையில் தினமும் எழுதிப் போட்டாலே பாதிப் புகார் அடங்கும். அதைத் தமிழிலும் எழுதினால், மேட்டூர் பேருந்தில் வருகிறவர்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது. 2025 ஏப்ரல் 24-ல் கர்நாடக அமைச்சரவையே இந்த மலையில் கூடியது. கோடிகளில் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பலகை பெரிய செலவில்லை.

அறை எங்குமே கிடைக்காத நாளும் வரும். அப்போது மலை மேல் அலைவதைவிட மேட்டூரில் தங்கிவிடுங்கள். அணைக்கட்டு ஊர் என்பதால் பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் உண்டு, போனிலேயே அறை சொல்லிவைக்கலாம். மலை ஐம்பது கிலோமீட்டருக்குள். விடியற்காலையில் கிளம்பினால் முடிக்காணிக்கை, சாமி தரிசனம், சாப்பாடு எல்லாம் முடித்துப் பொழுது இருக்கும்போதே இறங்கிவிடலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் அந்தியூர், பர்கூர் வழியையும் யோசிக்கலாம். செக்போஸ்ட் நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் இருட்டிய பிறகு யானைக்குத்தான் முன்னுரிமை.